டோஸ்டிக்கு இறைச்சி ஆகாது

ஹார்லெம்
3 அக்டோபர் 2011

மதிப்பிற்குரிய டெர்ப்ஸ்ட்ரா அம்மையாருக்கு,

ஆகஸ்ட் கடைசியில் கொட்டுகிற மழையில் உங்கள் வீட்டுக்கு வந்து, கெய்ர்ன் டெரியர் பெண் குட்டி ஒன்றை வாங்கிப்போன ஏவர்ட் மொலெனார் நான். படகுகளுக்காகப் பாலத்தைத் தூக்கி இறக்குகிற வேலை என்று சொன்னேனே, அந்த ஆள். உங்களுக்குக் காது சரியாகக் கேட்காது, தொலைபேசியில் கத்த வேண்டாம், எதுவானாலும் எழுதுங்கள் என்று வாசலில் வைத்துச் சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன். பாலத்து அறையில் ஒரு படகு போய் அடுத்தது வருவதற்குள் எழுதுவதால் அங்கங்கே விட்டுவிட்டு இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

குட்டிக்கு டோஸ்டி என்று பெயர் வைத்திருக்கிறோம். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டிதான் என் மதியச் சாப்பாடு. அவளும் அதே நிறம். பெயர் வைத்தது என் மனைவி மார்கா. நாயே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றவள்.

மூன்று வாரமாக டோஸ்டி ஒரு மாதிரி இருக்கிறாள். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் சமையலறையை வட்டமடிக்கத் தொடங்குகிறாள், எப்போதும் இடப்பக்கமாக. கூப்பிட்டால் திரும்புவதில்லை. வாயோரம் நூலாக எச்சில். பிறகு மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு மணி நேரத்தில் தெளிந்து, ஒன்றுமே நடக்காததுபோல் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். எடை இரண்டு கிலோகூட இல்லை.

வெள்ளிக்கிழமை மருத்துவரிடம் காட்டினோம். ரத்தத்தில் அம்மோனியா அதிகமாம். கல்லீரலில் பிறவிக் குறை இருக்கலாம், பெரிய மருத்துவமனையில் ஸ்கேன் எடுங்கள் என்றார். உங்கள் நாய்களில் இதற்கு முன் இப்படி உண்டா? குற்றம் சொல்ல எழுதவில்லை. தெரிந்தால் உதவியாக இருக்கும்.

பணிவுடன்,
ஏவர்ட் மொலெனார்


டோக்கம்
7 அக்டோபர் 2011

திரு. மொலெனார்,

முப்பத்தொரு வருடமாக கெய்ர்ன் வளர்க்கிறேன். என் வீட்டில் இப்படி ஒரு குட்டி பிறந்ததில்லை.

நாய்க்கு ரொட்டியின் பெயர் வைக்கிற வீட்டில் அதற்கு என்ன போடுவார்கள் என்று ஊகிக்க முடிகிறது. வயிறு கெட்டிருக்கும். குட்டிகளுக்கு வயிறு கெட்டால் தலையும் சுற்றும். ரொட்டி, பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வேகவைத்த கோழி மட்டும், நன்றாக வயிறு நிறைய, மூன்று நாள். சரியாகிவிடும்.

ஆகவில்லை என்றால் கொண்டுவந்து விடுங்கள். அடுத்த ஈற்றில் வேறு குட்டி தருகிறேன். நான் யாரையும் ஏமாற்றியதில்லை.

ரெ. டெர்ப்ஸ்ட்ரா


ஹார்லெம்
17 அக்டோபர் 2011

டெர்ப்ஸ்ட்ரா அம்மையாருக்கு,

நீங்கள் சொன்ன கோழியைக் கொடுத்தோம், வயிறு நிறைய. முப்பத்தொரு வருடம் வளர்த்தவர் சொல்கிறாரே என்று நம்பிக் கொடுத்தோம். இரண்டாம் நாள் அவளுக்குக் கண் தெரியவில்லை. மேசைக்காலில் மோதினாள். மூன்றாம் நாள் சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நின்றவளை இழுத்தாலும் வரவில்லை. மார்கா தரையில் உட்கார்ந்து, அந்தச் சின்னத் தலைக்கும் சுவருக்கும் நடுவே தன் கையை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தாள்.

வியாழக்கிழமை பல்கலைக்கழக விலங்கு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். குடலிலிருந்து வருகிற ரத்தம் கல்லீரலுக்குள் போய்ச் சுத்தமாகி வர வேண்டும். இவளுக்குப் பிறக்கும்போதே பக்கத்தில் ஒரு குறுக்குக் குழாய் இருக்கிறது. ரத்தம் கல்லீரலுக்குப் போகாமல் அந்த வழியாக நேரே இதயத்துக்கும் மூளைக்கும் போய்விடுகிறது. என் வேலைக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பாலத்தில் நிற்காமல் பக்கத்து வாய்க்காலில் நழுவிப்போகிற படகு. இறைச்சி தின்றால் அந்தப் படகில் விஷம் ஏறுகிறது. நீங்கள் சொன்ன கோழிதான் அவளுக்கு எல்லாவற்றிலும் மோசம்.

வேறு குட்டி தருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்து மார்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கெட்டில் ரிப்பேர்னா கடையில குடுத்துட்டு வேற வாங்கலாம். இவ கெட்டிலா? இவ நம்ம வீட்ல தூங்குறா, ஏவர்ட்."

இன்னும் ஒன்று. உங்கள் நாய் வளர்ப்போர் சங்கத்தில் ஆறாவது வாரம் எல்லாக் கெய்ர்ன் குட்டிகளுக்கும் இந்த ரத்தப் பரிசோதனை செய்வது வழக்கம் என்று அங்கே டாக்டரம்மா சொன்னார். வீட்டுக்கு வந்து நீங்கள் கொடுத்த காகிதங்களைத் திரும்பப் பார்த்தேன். தடுப்பூசி இருக்கிறது, பூச்சி மருந்து இருக்கிறது. அந்த ஒரு வரி மட்டும் காலியாக இருக்கிறது.

ஏன் காலி?

ஏவர்ட் மொலெனார்


ஹார்லெம்
6 நவம்பர் 2011

டெர்ப்ஸ்ட்ரா அம்மையாருக்கு,

பதில் வரவில்லை. வராது என்று மார்கா சொல்கிறாள். சண்டைக்காக எழுதவில்லை இப்போது. டோஸ்டிக்கு மருந்து தொடங்கிவிட்டோம். வட்டமடிப்பது வாரத்துக்கு ஒரு தடவையாகக் குறைந்திருக்கிறது. எடை இரண்டு கிலோ நூறு. அவள் உங்கள் வீட்டில் பிறந்தவள். உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதினேன்.

ஏ. மொ.


டோக்கம்
27 நவம்பர் 2011

திரு. மொலெனார்,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதை அனுப்பிவிடுவேன்.

அந்த வரி ஏன் காலி என்று கேட்டீர்கள். ஜூலைக் கடைசியில் எங்கள் மருத்துவர் ரத்தம் எடுக்க ஊசியோடு வந்தார். குட்டிகளின் கழுத்தில் குத்த வேண்டும், அவை கத்தும். எனக்குக் கேட்காது, ஆனால் வாய் திறப்பதைப் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். அடுத்த வாரமும் அனுப்பிவிட்டேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூட ஒன்றும் வந்ததில்லை, என் நாய்களுக்கு எதற்கு என்று நினைத்தேன். திமிர்தான். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

கோழி விஷயமும் நான் செய்தது. உங்கள் மனைவி சுவரில் கை வைத்துக்கொண்டிருந்ததை மறக்க முடியவில்லை.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதம், அந்தக் கெட்டில் கடிதம், அக்டோபர் பத்தொன்பதாம் தேதி வந்தது. சமையலறை மேசையில் விரித்து வைத்திருந்தேன். அது அங்கே கிடக்கும்போதே, அந்த வாரத்தில், டோஸ்டியின் தாய் ஃபென்னாவை அதே ஆண் நாயிடம் கொண்டுபோனேன். ஒரு ஈற்றுக்கும் அடுத்ததற்கும் இவ்வளவு குறைந்த இடைவெளி விடுகிறவள் இல்லை நான். நல்ல குட்டிகளாகப் பிறக்கும், அந்த ஹார்லெம்காரருக்குக் காட்டலாம் என்று ஒரு வெறி. இப்போது அவள் வயிறு இறங்கியிருக்கிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் குட்டி போடுவாள். இந்தக் குறை தாய் தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் சேர்ந்து வருகிறது என்கிறார்கள். நான் என்ன செய்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

டோஸ்டியோடு பிறந்த இரண்டு ஆண்களையும் சோதித்துவிட்டேன். இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஒருவனை இனவிருத்திக்கென்று வைத்திருந்தேன். அது இனி இல்லை.

தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்தால் வருகிற கட்டி, அவித்த முட்டை, குழைந்த சோறு. நாளைக்கு ஐந்து வேளை, சிறிது சிறிதாக. எங்கள் மருத்துவரிடம் எழுதிக் கேட்டு, அவர் எழுதித் தந்ததை எழுதுகிறேன். என் சொந்த யோசனை இல்லை. பயப்பட வேண்டாம்.

எடை எழுதியதற்கு நன்றி. இனியும் எழுதுவீர்களா?

ரென்ஸ்கே டெர்ப்ஸ்ட்ரா


ஹார்லெம்
9 டிசம்பர் 2011

அன்புள்ள ரென்ஸ்கே அம்மையாருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு வந்த கோபத்தில் பதில் எழுதியிருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி இருந்திருக்கும். மார்காவும் கோபப்பட்டாள், ஆனால் தயிரைத் துணியில் கட்டிக் குழாயில் தொங்கவிட்டுவிட்டுத்தான் கோபப்பட்டாள். டோஸ்டி அதை நக்கித் தின்றாள். இப்போது எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவ வேண்டுமென்றால் அந்த மூட்டையைத் தள்ளிவிட்டுத்தான் கழுவ வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறாள். எத்தனை கிராம், எத்தனை மணிக்கு, எப்படிப் போனது என்பது வரை. நீச்சல் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை, எல்லாவற்றுக்கும் விசில் அடித்துத்தான் பழக்கம்.

பாகு மாதிரி ஒரு மருந்து இருக்கிறதே, குடலில் விஷம் தங்காமல் வெளியே தள்ள, அதைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. போன வாரம் சரக்குப் படகு ஒன்று காத்திருக்க, நான் பாலத்தைத் தூக்காமல், என்னோடு பாலத்துக்கு வந்திருந்த டோஸ்டிக்காகத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். படகுக்காரர் ஹாரன் அடித்துவிட்டு, "என்ன ஏவர்ட், பாலம் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். "பாலம் நல்லாருக்கு, வயிறுதான் கெட்டுப்போச்சு" என்றேன். என் வயிறு என்று நினைத்து, போகும்போது இஞ்சி மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார்.

இதெல்லாம் சொல்ல வருவதற்கு முன்னால் சுற்றி வளைப்பது. சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை சின்டர்கிளாஸ் பண்டிகை. எங்கள் பாலத்தில் இன்னும் தூண்டில் கம்பில் மரச்செருப்பைக் கட்டித்தான் படகுகளிடம் கட்டணம் வாங்குகிறோம். மதியம் ஒரு படகுக்காரர் அந்தச் செருப்பில் டோஸ்டிக்கென்று ஈரல் தொத்திறைச்சி ஒரு துண்டு போட்டுவிட்டார், பண்டிகைப் பரிசு. நான் பார்த்தேன், ரென்ஸ்கே அம்மா. பார்த்தேன். எடுத்து எறிந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, அவர் முகம் கோணுமே என்று செருப்பைக் கீழே வைத்துக் கையசைத்தேன். அதற்குள் அவள் தின்றுவிட்டாள்.

இரண்டு மணி நேரத்தில் வலிப்பு. கால்கள் நீந்துகிற மாதிரி அடித்துக்கொண்டன. நாலு நிமிடம். மார்கா வந்து, அட்டவணையில் மணியையும் நிமிடத்தையும் எழுதினாள்.

இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் நீங்கள் ஒரு ஊசிக்கு முகம் திருப்பிக்கொண்டீர்கள், நான் ஒரு படகுக்காரருக்காகக் கையசைத்தேன். இரண்டையும் எடை போட்டுப் பார்க்க என்னால் முடியவில்லை. அதனால் உங்கள் மேல் இருந்த கோபத்தை விட்டுவிட்டேன். உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அந்தக் குறுக்குக் குழாயை அடைக்கப் பிப்ரவரி ஆறாம் தேதி அறுவை சிகிச்சை என்று நாள் கொடுத்திருக்கிறார்கள். ஃபென்னா எப்படி இருக்கிறாள்?

ஏவர்ட்


டோக்கம்
2 ஜனவரி 2012

ஏவர்ட்,

அம்மையார், அம்மா எல்லாம் வேண்டாம். ரென்ஸ்கே போதும்.

டிசம்பர் இருபத்தேழாம் தேதி காலை ஃபென்னா நாலு குட்டி போட்டாள். மூன்று பெண், ஒரு ஆண். ஆண்தான் கடைசி. கையில் வைத்தால் ஒரு முட்டை அளவு கனம். பார்த்ததும் எதையும் சொல்ல முடியாது. ஆறாவது வாரம் ஊசிக்குச் சொல்லிவிட்டேன். பிப்ரவரி ஏழு. உங்கள் நாளுக்கு மறுநாள்.

பக்கத்துப் பண்ணையில் சிப்கே என்று ஒருவர் இருக்கிறார். பால் கறக்கிறவர், நாற்பது வருடமாக என்னிடம் கத்திப் பேசுகிற ஒரே ஆள். குட்டிகளைப் பார்க்க வந்தார். "பயமா இருக்கா?" என்று கேட்டார். கேட்கவில்லை என்று தலையாட்டினேன். கேட்டது.

தொத்திறைச்சிக்காக உங்களை நீங்கள் வதைத்துக்கொள்ள வேண்டாம். நான் மன்னிக்க யார் என்று கேட்பீர்கள். யாரோ ஒருவர் சொல்ல வேண்டும், நான் சொல்கிறேன்.

இத்தோடு ஒரு துணி அனுப்புகிறேன். ஃபென்னாவின் படுக்கையிலிருந்து வெட்டியது. துவைக்கவில்லை. வேண்டுமென்றே. மருத்துவமனைக் கூண்டில் அவள் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். தாயின் வாசனை நினைவிருக்குமா என்று தெரியாது. போட்டால் கெடுதல் இல்லை.

என்ன ஆனாலும் முதல் தபாலில் எழுதுங்கள். நல்லதில்லை என்றாலும்.

ரென்ஸ்கே


ஹார்லெம்
9 பிப்ரவரி 2012

அன்புள்ள ரென்ஸ்கே,

உயிரோடு இருக்கிறாள். முதல் வரியில் இதை எழுதச் சொன்னது மார்கா.

திங்கள் காலை எட்டரைக்கு எடுத்துப்போனார்கள். அந்தக் குறுக்குக் குழாயைக் கண்டுபிடித்து அதன் மேல் ஒரு வளையம் மாட்டியிருக்கிறார்கள். சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. அது வாரக்கணக்கில் தானே உப்பி, குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குமாம். ஒரேயடியாக அடைத்தால் கல்லீரல் தாங்காது. இதுவரை வேலையே செய்து பழகாத கல்லீரல். டாக்டரம்மா மேசையில் பென்சிலால் வரைந்து காட்டினார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன், மார்கா கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மூன்று நாள் வலிப்பு வரலாம், வந்தால் கஷ்டம் என்று சொல்லியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை பார்க்க விட்டார்கள். வயிற்றில் மொட்டையடித்து, தையலோடு, முகத்தைச் சுவர் பக்கம் வைத்துப் படுத்திருந்தாள். மறுபடியும் சுவரா என்று பயந்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால், உங்கள் துணி அந்தப் பக்கம் சுருண்டு கிடந்தது. அதில் மூக்கைப் புதைத்து வைத்திருந்தாள். நர்ஸ் சொன்னாள், எடுத்தால் முனகுகிறாள், அதனால் எடுக்கவில்லை என்று.

புதன்கிழமை முட்டை சாப்பிட்டாள். இன்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

இங்கே வாய்க்கால் எல்லாம் உறைந்துவிட்டது. படகே இல்லை, பாலத்துக்கு வேலை இல்லை. ஊரே பாலத்துக்கு அடியில் சறுக்கிக்கொண்டு போகிறது. நான் மேலேயிருந்து மொட்டைவயிற்று நாயைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறேன். உங்கள் பக்கத்துப் பதினொரு ஊர்ப் பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கும் என்று டிவியில் ஒரு வாரமாகப் பனியை அளந்துகொண்டே இருந்தார்களே, கடைசியில் இல்லை என்றுவிட்டார்கள். வருத்தமா?

செவ்வாய்க்கிழமை ஊசி என்ன ஆயிற்று? கேட்கப் பயந்துகொண்டே கேட்கிறேன்.

ஏவர்ட்


டோக்கம்
15 பிப்ரவரி 2012

ஏவர்ட், மார்கா,

உங்கள் கடிதத்தின் முதல் வரியைத் தபால்காரர் நிற்கும்போதே படித்தேன். அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். இருபது வருடமாக அவருக்கு நான் வணக்கம்கூட ஒழுங்காகச் சொன்னதில்லை. பயந்துபோனார்.

பந்தயம் இல்லை என்றதும் சிப்கே இரண்டு நாள் மாடுகளோடு மட்டும்தான் பேசினார். எனக்கு அந்த வாரம் பனி எவ்வளவு தடிமன் என்று கவலையில்லை.

மூன்று பெண் குட்டிகளுக்கும் ஒன்றும் இல்லை. ஆணுக்கு இருக்கிறது. டோஸ்டிக்கு இருந்ததைவிட அதிகம்.

மருத்துவர் இருந்தார், சிப்கேயும் இருந்தார். இந்த வயதில் ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைத்துவிட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது என்று மருத்துவர் எழுதிக் காட்டினார். தப்பான மனிதர் இல்லை, என் சுமையைக் குறைக்கப் பார்த்தார். முன்பெல்லாம் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். குட்டி என் மடியில், கழுத்தில் பஞ்சு ஒட்டியிருக்க, என் கம்பளிச் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தான். "இவன நான் வச்சுக்கறேன்" என்றேன். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, இரண்டு பேரும் ஒரு அடி பின்னால் போனார்கள்.

சனிக்கிழமை வளர்ப்போர் சங்கத்தின் கூட்டம். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி போடாததை, கோழியை, கடிதம் மேசையில் இருக்கும்போதே ஃபென்னாவைக் கொண்டுபோனதை. தகப்பன் நாயின் சொந்தக்காரர் முன்வரிசையில் இருந்தார். அவருக்கு முன்பே எழுதியிருந்தேன், ஆனாலும் முகம் சிவந்துபோயிற்று. பிறகு நிறையப் பேர் நிறையப் பேசினார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இந்தக் காது எனக்கு ஒரு நல்லது செய்தது அன்றைக்குத்தான். கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் வந்து காகிதத்தில் எழுதிக் காட்டினார்கள். தங்களுக்கும் ஒன்றிரண்டு வரி காலியாக இருக்கிறதாம்.

ஃபென்னாவுக்குக் கருத்தடை செய்தாயிற்று. இனி இந்த வீட்டில் ஈற்று இல்லை.

இப்போது எனக்கு உதவி வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் இவ்வளவு நாய். ஆனால் நோயாளி ஒன்றை வைத்திருந்ததில்லை. பாகு எவ்வளவு? ஊசியில்லாத சிரிஞ்சால் கொடுத்தால் துப்புகிறான். வட்டமடிக்கும்போது தூக்கலாமா, விட்டுவிடலாமா? முதலிலிருந்து சொல்லுங்கள். எனக்குத் தெரியும் என்று எதையும் விட்டுவிட வேண்டாம்.

ரென்ஸ்கே


ஹார்லெம்
18 பிப்ரவரி 2012

அன்புள்ள ரென்ஸ்கே,

இது மார்கா. ஏவர்ட் எழுதினால் பாலத்தில் தொடங்கி மூன்றாம் பக்கத்தில்தான் பாகுக்கு வருவார்.

எவ்வளவு பாகு என்பது உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியது, எடையைப் பொறுத்தது. எப்படிக் கொடுப்பது என்று நான் சொல்கிறேன். கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே, பக்கவாட்டில், சொட்டுச் சொட்டாக. நேரே தொண்டைக்கு வேண்டாம். கொடுத்ததும் மூக்கில் மெல்ல ஊதுங்கள், விழுங்கிவிடுவான். காலை முதல் வேளையை ஒருபோதும் தள்ளிப்போடாதீர்கள், வெறும் வயிறும் ஆகாது. வட்டமடித்தால் தூக்க வேண்டாம். மேசை நாற்காலியை நகர்த்திவிட்டு, தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அவ்வளவுதான் செய்ய முடியும், அது கொஞ்சமல்ல. வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும் முகம் கோணினாலும் பரவாயில்லை என்று சொல்லிவிடுங்கள்: ஒன்றும் கொடுக்கக் கூடாது. என் வீட்டுக்காரரால் அது முடியவில்லை, உங்களால் முடியும் என்று தோன்றுகிறது.

ஆறு மாதம் ஆனதும் ஸ்கேனுக்கு இங்கேதான் வர வேண்டியிருக்கும். எங்களிடம் சொல்லாமல் வரக்கூடாது.

மார்கா

பின்குறிப்பு: உங்கள் கோழிக்காக நான் உங்களை நிறையத் திட்டியிருக்கிறேன். உங்களுக்குக் கேட்காது என்பதால் இதுவரை சொல்லவில்லை. இப்போது திட்டுவதில்லை.


ஹார்லெம்
11 மே 2012

அன்புள்ள ரென்ஸ்கே,

செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனை. எண் எல்லாம் சாதாரண நாயின் எண். டாக்டரம்மா திரும்பவும் ஒரு தடவை பார்த்தார், காகிதம் மாறிவிட்டதோ என்று. குழாய் மூடிவிட்டது. கல்லீரல் வளர்ந்திருக்கிறது, பத்து மாதத்தில் செய்ய வேண்டியதை மூன்று மாதத்தில் செய்திருக்கிறது. மருந்துகளை ஒவ்வொன்றாக நிறுத்தலாம். எடை நாலு கிலோ இருநூறு.

ஆனால் எங்களுக்கு நம்பிக்கை வந்தது காகிதத்தால் இல்லை. நேற்று மதியம் மார்கா தட்டில் இரண்டு இறைச்சி உருண்டை வைத்துவிட்டுக் கதவைத் திறக்கப் போனாள். வந்து பார்த்தால் தட்டு தரையில். டோஸ்டி மேசைக்கு அடியில் மீசையை நக்கிக்கொண்டிருந்தாள். மார்கா பாலத்துக்கு ஓடி வந்தாள், நான் வேலையை அடுத்த ஆளிடம் விட்டுவிட்டு ஓடினேன். இரண்டு பேரும் நாற்காலிகளை நகர்த்திவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டோம். அரை மணி. ஒரு மணி. இரண்டு மணி. அவள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று. பிறகு போய்க் காலி தட்டை இன்னொரு தடவை நக்கிவிட்டு வந்து மார்காவின் காலில் தலையை வைத்துத் தூங்கிப்போனாள். குறட்டை வேறு. கால் மரத்துவிட்டது என்று மார்கா சொன்னாள், ஆனால் எடுக்கவில்லை.

உங்கள் பையன் எப்படி இருக்கிறான்? இன்னும் பெயர் வைக்கவில்லையா? ஸ்கேனுக்கு ஜூன் இருபத்தாறு என்று எழுதியிருந்தீர்கள். ரயில் நிலையத்தில் நிற்கிறேன். டாக்டரம்மா வேகமாகப் பேசுவார், தலையைக் குனிந்துகொண்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதை எழுதிக் காட்டுகிறேன். மார்கா கேள்வி கேட்பாள், அது அவள் வேலை.

ஏவர்ட்


டோக்கம்
30 ஜூன் 2012

அன்புள்ள ஏவர்ட், மார்கா,

வீடு வந்து சேர்ந்தோம். ரயிலில் முழுக்கத் தூங்கினான்.

ஸ்டேஷனில் சரியாக நன்றி சொல்லவில்லை. சிப்கே வண்டியோடு காத்திருப்பார் என்ற அவசரம் என்று நினைத்திருப்பீர்கள். அதில்லை. வாயைத் திறந்தால் அழுதிருப்பேன். அழுதால் எனக்கே கேட்காது, எவ்வளவு சத்தம் போடுகிறேன் என்று தெரியாது.

ஏவர்ட், அந்த அறையில் உங்கள் பேனா நின்றதைப் பார்த்தேன். டாக்டரம்மா பேசிக்கொண்டே இருந்தார், நீங்கள் எழுதவில்லை. நான்தான் மேசையைத் தட்டி, "எழுதுங்க, எல்லாத்தையும் எழுதுங்க" என்றேன். அப்போது எழுதினீர்கள்: இவனுக்குக் குழாய் கல்லீரலுக்கு உள்ளேயே போகிறது. வளையம் மாட்ட இடமில்லை. அறுத்தால் மேசையிலேயே போய்விடலாம். அதற்குக் கீழே, டாக்டரம்மா சொன்னதற்கு நடுவே, நீங்களாகவே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன்: "ரென்ஸ்கே, நாங்க இருக்கோம்." அதை டாக்டரம்மா சொல்லவில்லை. கையெழுத்து கோணலாக இருக்கிறது.

மருந்தும் சாப்பாடும் சரியாக இருந்தால் சில வருடங்கள் நன்றாக இருப்பான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை என்று மார்கா கேட்டதும், சொல்ல முடியாது என்று அவர் கை விரித்ததும் தெரிந்தது. அதை எழுத வேண்டியிருக்கவில்லை.

முதல் நாள் இங்கே வந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவன் எத்தனை வருடம், நான் எத்தனை வருடம் என்று. இரண்டாம் நாள் விட்டுவிட்டேன். அவன் காலை ஏழுக்கு எழுந்து வடித்த தயிர் எங்கே என்று பார்க்கிறான். மருந்தைக் கன்னத்தில் விட்டு மூக்கில் ஊதினால் விழுங்குகிறான், பிறகு திருப்பி என் முகத்தில் தும்முகிறான். ஒன்பது மணிக்கு சிப்கேயின் மாடுகளைக் குரைத்து விரட்டப் பார்க்கிறான். குரைப்பது எனக்குக் கேட்காது, ஒவ்வொரு குரைப்புக்கும் நாலு காலும் தரையை விட்டு எழும்புவது தெரிகிறது. மாடுகள் அவனைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவனுக்கு அதில் வருத்தம் இல்லை.

நேற்று சிப்கே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னவோ கேட்டார். காதில் கை வைத்தேன். திரும்பக் கத்தினார்: "இவன வச்சு என்ன செய்யப் போற?" கிண்டலில்லை, நிஜமாகவே கேட்டார். அவருக்குத் தெரிந்து என் வீட்டில் ஒவ்வொரு நாயும் ஏதாவது ஒன்றுக்காக இருந்தது. கண்காட்சிக்கு, ஈற்றுக்கு, கோப்பைக்கு. முப்பத்தொரு வருடமும்.

அவனைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் போனேன். பிறகு, "ஒண்ணும் செய்யப் போறதில்ல" என்றேன்.

நல்ல பதில் என்று தலையாட்டிவிட்டுப் பால் கறக்கப் போனார்.

உங்கள்
ரென்ஸ்கே